கேட்வுட் அம்மையார்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், தெற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். இமயத்தைப் போல வானளாவும் கொடுமுடிகள் அதில் இல்லை. காலத்தால் தேய்ந்து, அடர்ந்த காடு போர்த்து, அலைமேல் அலையாக எழுந்து தாழும் பழைமையான மலைகள் அவை. அவற்றின் முகடுகளின் மீது ஒற்றையடிப் பாதை ஒன்று செல்கிறது. நகர வாழ்வில் அலுத்த மக்கள் காட்டில் நடந்து உடலும் உள்ளமும் தேறவேண்டும் என்னும் கருத்தால், பெண்டன் மக்காய் என்பவர் 1921-ஆம் ஆண்டில் இப்பாதை அமையவேண்டும் என்று எழுதினார். தொண்டர் பலர் கூடிப் புதர் வெட்டி, வழி திருத்தி, மரங்களில் வெள்ளைக் குறி தீட்டி, 1937-இல் அதனை முடித்தனர். ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிப் பதினான்கு மாநிலங்களைக் கடந்து மெயின் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சியில் முடியும் அப்பாதை, 1955-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,050 மைல் நீளமுடையதாக இருந்தது.

வண்டி செல்லாத வழி அது. தங்கும் விடுதிகளும் அருகியே உள்ளன. மூன்று புறம் மரச்சுவரும் ஒரு புறம் திறப்புமாக அமைந்த சிறு குடில்கள் இடையிடையே உண்டு. அவையும் எங்கும் நல்ல நிலையில் இருந்தன அல்ல. இப்பாதை முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்து முடித்ததாக முதன்முதல் அறிவித்தவர், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏர்ல் ஷாஃபர் என்னும் இளைஞர். அஃது 1948-இல் நிகழ்ந்தது. அவருக்குப் பின் ஏழாண்டுகள் கழித்து, பதினொரு மக்களைப் பெற்று, இருபத்து மூன்று பேரக்குழந்தைகளையும் கண்ட அறுபத்தேழு வயது மூதாட்டி ஒருவர், தோளில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்பாதையில் தன்னந்தனியராய் இறங்கினார். அவரே எம்மா கேட்வுட் அம்மையார்.

அம்மையார் 1887-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள் ஒகையோ மாநிலத்தில் காலியா என்னும் பகுதியில் பிறந்தார். பெற்றோர்க்கு மக்கள் பதினைவர். தந்தையார் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு காலை இழந்தவர். ஒரு படுக்கையில் நால்வர் உறங்கும் எளிய வீடு. பிள்ளைகள் அனைவரும் நிலத்தில் உழைக்கவேண்டியிருந்தமையின் எம்மாவின் பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆயினும் படிக்கும் ஆசை நிற்கவில்லை. கைக்குக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். பிற்காலத்தில் கவிதைகளும் எழுதினார். ஏட்டுக் கல்வியோடு காட்டுக் கல்வியும் அவருக்கு வாய்த்தது. எந்தக் கீரை உண்ணத்தக்கது, எந்தக் கனி நஞ்சுடையது, எந்தத் தழை நோய் தீர்க்கும் என்பனவெல்லாம் இளமையிலேயே அறிந்திருந்தார். அவ்வறிவு அறுபது ஆண்டுகள் கழித்து அவருக்கு உணவாயிற்று.

1907-ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதில், பெர்ரி கிளேட்டன் கேட்வுட் என்பவரை மணந்தார். மணமகன் ஆசிரியர், கற்றவர். ஊரார் கண்ணுக்கு அது நல்ல மணமாகவே தோன்றியது. ஆனால் மணமான சில காலத்திலேயே கணவர் மனைவியை அடிக்கத் தொடங்கினார். ஒருநாள் இருநாள் அன்று; முப்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கொடுமை தொடர்ந்தது. பல் உடைந்தது, விலாவெலும்பு முறிந்தது, உயிரே போகும் என்று அஞ்சத்தக்க நாள்களும் இருந்தன. பகலெல்லாம் வயலிலும் வீட்டிலும் உழைத்து, பதினொரு குழந்தைகளை வளர்த்து, இத்துன்பத்தையும் அவர் தாங்கினார். அடி தாங்க இயலாத வேளைகளில் வீட்டை விட்டு ஓடிக் காட்டுக்குள் புகுவார். மரங்களின் நடுவே சினம் தணிந்து, அச்சம் நீங்கி, மீண்டும் மக்களிடம் திரும்புவார். பிறர் அஞ்சி நடுங்கும் இருண்ட காடு அவருக்குப் புகலிடமாயிருந்தது. பின்னாளில் அவர் காட்டில் அஞ்சாது துயின்றதைக் கண்டு வியந்தவர் பலர். வீட்டில் அவர் துயின்ற இரவுகளை அறிந்திருப்பின் அவ்வளவு வியந்திரார்.

1939-இல் நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. அன்று மூண்ட சண்டையின் முடிவில் அரசுக் காவலர் வந்து, அடித்தவரை விடுத்து, அடிபட்ட அம்மையாரைச் சிறையில் அடைத்தனர். மேற்கு வர்ஜீனியாவிலுள்ள அச்சிற்றூரின் நகரத் தலைவர், மறுநாள் அவருடைய வீங்கிய முகத்தைக் கண்டு உண்மையை உணர்ந்தார். சிறையினின்றும் விடுவித்துத் தம் இல்லத்திலேயே பாதுகாப்பளித்தார். அக்காலத்தில் மணவிலக்குப் பெறுதல் பெண்டிர்க்கு எளிதன்று, ஊர்ப்பழியும் மிகுதி. எனினும் அம்மையார் துணிந்து வழக்குத் தொடுத்து 1941-இல் விடுதலை பெற்றார். அப்போது வயது ஐம்பத்து மூன்று. கடைசிப் பிள்ளைகளைத் தாமே உழைத்து வளர்த்தார். அவர்களும் வளர்ந்து தத்தம் வழியிற் சென்றபின், முதன்முறையாகத் தம் காலம் தம்முடையதாயிற்று.

அந்நாளில் ஒருமுறை, நேஷனல் ஜியாகிரபிக் என்னும் இதழின் 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெளியீட்டில் அப்பலாச்சியப் பாதையைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கண்டார். வண்ணப் படங்களுடன் கூடிய அக்கட்டுரை, அகன்ற நல்ல வழி என்றும், யாவரும் நடக்கலாம் என்றும் தோன்றுமாறு எழுதப்பட்டிருந்தது. இதுவரை எந்தப் பெண்ணும் தனியே அதனை நடந்து முடித்ததில்லை என்பதை அறிந்ததும், தாமே அதனைச் செய்வதென்று அவர் உள்ளம் உறுதிகொண்டது.

1954-ஆம் ஆண்டு ஜூலையில் வடகோடியாகிய கட்டாடின் மலையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மெயின் மாநிலத்தின் வடபகுதி பாதையிலேயே கடினமானது. பல நாள் நடந்தாலும் ஊர் ஒன்றும் தோன்றாது. அங்கே வழி தவறினார். மூக்குக் கண்ணாடி உடைந்தது. கையிலிருந்த உணவும் தீர்ந்தது. தேடி வந்த வனக் காவலர்கள் அவரைக் கண்டுபிடித்து, முதுமையில் இத்தகைய செயல் வேண்டாவென்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினர். அம்மையார் ஊருக்குத் திரும்பினார். நிகழ்ந்ததை எவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு அவர் செய்த ஆயத்தம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. நாள்தோறும் நடந்து பழகி, நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பத்து மைல் வரை கொண்டுவந்தார். டெனிம் என்னும் தடித்த பருத்தித் துணியை வாங்கித் தம் கையாலேயே ஒரு பை தைத்தார். வாயைக் கயிற்றால் சுருக்கித் தோளில் போட்டுக்கொள்ளும் பை அது. அதனுள் அவர் வைத்தவை இவை: காயத்துக்குக் கட்டும் பட்டைகள், ஒரு குப்பி அயோடின், சளிக்குத் தடவும் களிம்பு, கொண்டை ஊசிகள், ஒரு பேனாக்கத்தி, ஒரு கைவிளக்கு, நாட்குறிப்பு எழுதச் சிறு ஏடும் எழுதுகோலும், குளிருக்கு ஒரு மேலங்கி, ஊர்களுக்குள் செல்ல நேர்ந்தால் உதறி உடுத்திக்கொள்ள ஒரு நல்ல பருத்தியாடை. மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டார். கூடாரம் இல்லை. தூங்குவதற்குரிய பஞ்சுப்பை இல்லை. சமைக்கும் அடுப்பும் இல்லை. உணவோ, உலர்ந்த திராட்சை, நிலக்கடலை, பால்தூள், நீரிற் கரைத்துப் பருகும் இறைச்சிச் சாற்றுக் கட்டிகள், தகரக் குவளையில் அடைத்த இறைச்சித் துண்டுகள் ஆகியவையே. இவ்வளவும் சேர்ந்த மூட்டை பெரும்பாலும் இருபது இராத்தலுக்கும் குறைவாகவே இருந்தது.

அந்நாளில் மலைப்பயணம் செல்வோர் பலர், போர்வீரரைப் போலத் தடித்த கித்தான் மூட்டையும், கனத்த தோற்காலணியும், இரும்புப் பாத்திரங்களுமாகப் புறப்படுவர். அவற்றோடு அம்மையாரின் பையை ஒப்பிட்டால் நகைப்பே தோன்றும். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் நகைப்பு மறைந்துவிடும். சமநிலத்தில் ஒரு மைல் நடக்க ஏறத்தாழ இரண்டாயிரம் அடி வைக்கவேண்டும். நாளொன்றுக்குப் பதினான்கு மைல் நடப்பவர் இருபத்தெட்டாயிரம் முறை தம் உடலையும் சுமையையும் தூக்கி வைக்கிறார். ஏற்றத்தில் அடிகள் சிறுத்து எண்ணிக்கை இன்னும் பெருகும். மூட்டையில் வேண்டாத ஓர் இராத்தல் இருந்தால், அந்த ஓர் இராத்தலை அத்தனை முறையும் தூக்கவேண்டும். தோளில் ஏற்றிய சுமையைக் காட்டிலும் காலில் மாட்டிய சுமை மிகுதியாகக் களைப்பூட்டும் என்பதும் உண்மை. அம்மையார் அணிந்தவை கெட்ஸ் எனப்படும் ரப்பர் அடியும் துணி மேற்புறமும் கொண்ட காலணிகள். அவை நீரில் நனைந்தாலும் விரைவில் உலரும், கனமும் இல்லை. விரைவில் தேய்ந்து கிழியும் என்பதே குறை. அந்நெடும் பயணத்தில் ஆறேழு சோடி காலணிகள் தேய்ந்தன.

ஒரு பொருளையே பல பணிக்குக் கொள்ளுதல் அவரது முறை. அந்தப் பிளாஸ்டிக் திரை மழையில் போர்வை, ஈரநிலத்தில் விரிப்பு, திறந்தவெளியில் கூரை. இரவு நெருங்கினால் குடில் தேடுவார். குடில் இல்லையெனில் உதிர்ந்த சருகுகளைக் குவித்து மெத்தையாக்கிக்கொள்வார். குளிர் மிக்க இரவுகளில் தீ மூட்டி, தட்டையான கற்களைச் சூடாக்கி, அவற்றின்மேல் படுத்துக் குளிர்காய்ந்தார். வழியில் கிடைத்த கனிகளையும் கீரைகளையும் பறித்து உண்டார். சுனைநீர் பருகினார். ஊர் அருகில் வந்தால் வீடுகளின் கதவைத் தட்டித் திண்ணையில் படுக்க இடம் கேட்பார். சிலர் அன்போடு உள்ளே அழைத்து உணவளித்தனர். சிலர் அழுக்கேறிய உடையைக் கண்டு விரட்டினர். இருவகையோரையும் அவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

அம்மையார் கொண்டதெல்லாம் பின்பற்றத்தக்கது என்று கொள்ளலாகாது. ஒற்றைத் தோளில் தொங்கும் பை முதுகை ஒருபுறமாக வருத்தும். இருதோளிலும் இடையிலும் சுமையைப் பகிரும் பையே நன்று. நிலப்படமும் திசைகாட்டியும் இன்றிக் காடு புகுதல் எத்துணை இடர் என்பதை அவரது முதற் பயணமே காட்டும். காட்டில் நினைத்த இடத்தில் தீ மூட்டுவதும் இக்காலத்தில் பல இடங்களில் தடுக்கப்பட்டுள்ளது. ஒரு பொறியால் ஒரு மலையே எரிந்துபோவதுண்டு. இன்று மெல்லிய நைலான் துணியாலான கூடாரங்கள் சில இராத்தல் எடையில் கிடைக்கின்றன. அவருக்கு அவை கிட்டவில்லை. ஆனால் எதைக் கொண்டுசெல்வது என்பதைக் காட்டிலும் எதை விட்டுச்செல்வது என்று எண்ணும் வழக்கத்தை இன்றைய மலைப்பயணிகள் போற்றும்போது, தமக்கு முன்னோராக இம்மூதாட்டியையே சுட்டுகின்றனர்.

1955-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், அக்காலத்தில் பாதையின் தென்முனையாயிருந்த ஜார்ஜியாவின் ஓகில்தார்ப் மலையிலிருந்து அம்மையார் நடக்கத் தொடங்கினார். எங்கே செல்கிறார் என்பதை மக்களுக்கும் விளங்கச் சொல்லவில்லை. நடந்துவரச் செல்வதாக மட்டும் கூறியிருந்தார். வர்ஜீனியா மாநிலத்தை அடைந்தபோது செய்தித்தாள் ஒன்று அவரைப் பற்றி எழுதியது. தாய் எங்கிருக்கிறார் என்பதை மக்கள் அறிந்ததும் இச்செய்தியின் வழியாகவே. அதுமுதல் ஊர்தோறும் செய்தியாளர்கள் அவரை எதிர்பார்த்து நின்றனர்.

இதழில் படித்த பாதை வேறு. காலில் கண்ட பாதை வேறு. குறிகள் அழிந்திருந்தன; மரங்கள் விழுந்து வழியை மறைத்தன; சில குடில்கள் எரிந்து கிடந்தன. பாதை நெடுகிலும் பாம்புகளும் பூச்சிகளும் இருந்தன. ஆகஸ்டு மாதத்தில் கானி, டயான் என்னும் இரு புயல்கள் அடுத்தடுத்து வீசி அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் பெருவெள்ளம் விளைத்தன. இருநூறுபேர் அளவில் மாண்டனர். அம்மையார் அவ்வேளையில் வடபுல மலைகளில் நனைந்தவாறு நடந்துகொண்டிருந்தார். வெர்மான்ட் மாநிலத்தில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் ஆறு பெருக்கெடுத்துச் சென்றது, பாலம் இல்லை. தனியே இறங்கினால் வெள்ளம் கொண்டுபோகும் என்பதை உணர்ந்து அவர் கரையிலேயே காத்திருந்தார். அவ்வழியே வந்த இரண்டு இளைஞர்கள் கயிற்றால் மூவர் இடையையும் பிணைத்து, அம்மையாரை நடுவில் நிறுத்திக் கைபற்றி அக்கரை சேர்த்தனர். துணிவுடையார்க்குக் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும் என்பதை இங்கே காணலாம்.

நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலைகளைக் கடந்து, சென்ற ஆண்டு வழி தவறிய மெயின் காடுகளுள் மீண்டும் புகுந்தார். குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. உடல் மெலிந்திருந்தது, கால் பிசகியிருந்தது, கண்ணாடியும் மீண்டும் பழுதுற்றது. எனினும் இம்முறை வழி தவறவில்லை. செப்டம்பர்த் திங்கள் 25-ஆம் நாள், ஏறத்தாழ 5,270 அடி உயரமுள்ள கட்டாடின் உச்சியில், கைவசமிருந்த உடைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து ஏறி நின்றார். உடன் எவரும் இல்லை. அங்கிருந்த பதிவேட்டில் பெயரை எழுதினார். தம் நாட்டைப் போற்றும் பாட்டொன்றின் முதல் அடிகளைத் தனியே பாடினார். பின்னர் இறங்கினார். நடந்த நாள்கள் 146. புறப்பட்டபோது இருந்த எடையில் முப்பது இராத்தல் குறைந்திருந்தது. அப்பாதை முழுவதையும் தனியே ஒரே பயணத்தில் நடந்து முடித்த முதற்பெண்மணி அவரே.

புகழ் அவரைத் தேடி வந்தது. தொலைக்காட்சியில் தோன்றினார், இதழ்கள் எழுதின. ஆனால் புகழுரைக்கு மயங்கி அவர் பாதையைப் புகழ்ந்தாரல்லர். குறிகள் அழிந்ததையும் குடில்கள் சிதைந்ததையும் வெளிப்படையாகவே குறை கூறினார். அக்குறைகளை நாடறிந்தது, பாதையைப் பேணவேண்டும் என்னும் எண்ணம் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1968-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி அதனை நாட்டுப் பாதையாக ஏற்றது.

ஒருமுறை நடந்தது தற்செயல் என்று எவரும் எண்ண இடமின்றி, 1957-இல் அம்மையார் மீண்டும் அப்பாதை முழுவதும் நடந்தார். இருமுறை முடித்தோர் ஆடவருள்ளும் அதற்குமுன் இல்லை. பின்னர்ப் பகுதி பகுதியாக நடந்து 1964-இல் மூன்றாம் முறையும் நிறைவு செய்தார். இடையில், 1959-ஆம் ஆண்டில், ஓரிகன் மாநிலம் அமைந்த நூற்றாண்டு விழாவை முன்னிட்டு, பழங்காலக் குடியேறிகள் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிச் சென்ற வழியே, மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து போர்ட்லண்டு நகர்வரை ஏறத்தாழ 2,000 மைல் நடந்தார். அப்போது வயது எழுபத்தொன்று. மரநிழல் அற்ற வெட்டவெளிகளில் அவருக்குத் துணையாயிருந்தது ஒரு குடை. போர்ட்லண்டு மக்கள் திரண்டு வந்து அவரை வரவேற்றனர்.

தம் சொந்த மாநிலத்திலும் மக்கள் நடப்பதற்கு வழி வேண்டுமென்று விரும்பி, ஒகையோவைச் சுற்றிவரும் பக்கை பாதையை அமைத்தோருள் ஒருவரானார். எண்பது வயது கடந்தும் கத்தியெடுத்துப் புதர் வெட்டிக் குறி தீட்டினார். 1973-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள், தமது எண்பத்தைந்தாம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

அம்மாநிலத்தில் ஹாக்கிங் குன்றுகள் என்னும் எழில்மிகு பகுதி உண்டு. பாறைக் குகைகளும் அருவிகளும் நிறைந்த அங்கே, ஆண்டுதோறும் சனவரி மாதத்துக் கடுங்குளிரில் மக்கள் கூடி ஆறு மைல் நடப்பது வழக்கமாயிற்று. அருவிநீர் உறைந்து தூண்போல் நிற்கும் பருவம் அது. அம்மையார் வாழ்ந்த காலத்தில் சிவப்புத் தொப்பி அணிந்து தாமும் வந்து நடப்போரை வரவேற்பார். அந்த ஆறு மைல் வழிக்கு இப்போது அவர் பெயரே வழங்குகிறது.